நாற்பது மில்லி விநாடி

மூன்றாம் வளைவில் நீ செய்யாத ஒன்றைத்
திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், சுமுக்.

பொம்மசந்திராவில் மணி ஏழு பத்து.
கேன்டீனில் கடைசித் தட்டும் கழுவியாகிவிட்டது.
ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில்
உன் வண்டி எழுதிவைத்த பதினாறு சுற்றுகள்
கோடுகளாய் ஓடுகின்றன.
சிவப்பு, உன் வலது மணிக்கட்டு.
பச்சை, பின்சக்கரம்.

பதினோராம் சுற்று.
நாற்பத்தேழு பாகை சாய்ந்திருக்கிறாய்.
முழங்கால் தரையை உரசியிருக்கும்.
சிவப்பு ஏறுகிறது,
ஏற வேண்டியதற்கு ஒரு மூச்சு முன்னால்.
பச்சை துள்ளுகிறது.
அந்த இடத்தில் நீ விழுந்தாயிற்று.

ஆனால் விழவில்லை.
சீட்டுக்கடியில் தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்று
நாற்பது மில்லி விநாடிக்கு
எஞ்சினின் தீப்பொறியை வாங்கி வைத்துக்கொண்டு
திருப்பிக் கொடுத்தது.
ஒருமுறை கண் சிமிட்டுவதற்குள்
அதை இரண்டு தடவை செய்யலாம்.

கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மைக்கில் சொன்னாய்:
"இந்த எலக்ட்ரானிக்ஸையெல்லாம் கழற்றிப் போட்டால்
இன்னும் அரை விநாடி குறைப்பேன்.
மிஷினுக்கு என்மேல் நம்பிக்கையில்லை."
எல்லோரும் கைதட்டினார்கள்.
நானும்தான்.

இந்தப் படத்தை உனக்கு அனுப்பலாம்.
அனுப்பவில்லை.
'வளைவு மூன்று, சரி' என்று பெயரிட்டு
மூடி வைத்தேன்.

என் வண்டி போட்டிக் கம்பெனியுடையது.
பார்க்கிங்கின் கடைசி மூலையில்,
ஜெனரேட்டருக்குப் பின்னால் நிறுத்துவேன்.

கூட்லு கேட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது.
மெட்ரோ தூணடியில்
சாலையின் வெள்ளைக் கோடு
மீன் வயிறாய் வழவழத்தது.
முன்னால் போன பேருந்துக்கு
என்ன தோன்றியதோ, நின்றுவிட்டது.
இழுத்துப் பிடித்தேன்.

பிரேக் லீவர் விரல்களுக்கடியில் உதறியது.
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல,
அவசரமாய், மரியாதையில்லாமல்.
வண்டி நின்றது.
பேருந்தின் முதுகில் ஒரு பல் மருத்துவர்
ஒரு முழம் தள்ளி நின்று சிரித்தார்.

யாரோ ஒருவர்.
எங்கள் எதிரிக் கம்பெனியின் ஏதோ ஓர் அறையில்,
கேன்டீன் மூடிய பிறகும் உட்கார்ந்து
பத்தொன்பதா இருபதா என்று நகம் கடித்து
அந்த எண்ணைப் போட்டிருக்கிறார்.
என் விரலைப் பிடித்து உலுக்கிவிட்டு
பேர் சொல்லாமல் போய்விட்டார்.
நான் பிரேக் பிடித்தேன் என்றுதான்
வீட்டில் சொல்லப்போகிறேன்.

பக்கத்தில் இன்னொருவன்.
முதுகில் சாப்பாட்டுப் பை,
நூறு சிசி வண்டி.
பின்சக்கரம் ஒருக்களித்துச் சறுக்க
இரண்டு காலையும் துடுப்பாய்ப் போட்டு
தார்ச்சாலையில் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து
பம்பருக்கு அரை விரற்கடையில் நிறுத்தினான்.

எங்கள் வண்டி அது.
அதன் விலைக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.
எக்செலில் ஒரு வரி மஞ்சளானது.
"இந்த விலைக்கு வாங்குகிறவர்கள்
அவ்வளவு வேகமாய் ஓட்ட மாட்டார்கள்" என்றார்
பினாகபாணி ராவ்.
மஞ்சள் வரி காணாமல் போனது.
அன்றைய முந்திரி பிஸ்கட் நன்றாக இருந்தது,
இரண்டாவது எடுத்தேன்.

அவன் காலைத் தூக்கிச்
செருப்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தான்.
பிறகு என்னை.
"ஜஸ்ட் மிஸ், மேடம்."
உணவு ஆறுவதற்குள் போய்ச் சேர
அவனுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது,
ஹேண்டில் போனில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன.
அது ஒன்றுதான் அந்த வண்டியில்
எலக்ட்ரானிக்ஸ்.

அவன் நிறுத்திய விதத்துக்குக் கோடு கிடையாது.
சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை.
கொஞ்சம் ரப்பர் சாலையில் ஒட்டியிருந்தது,
மழை அதையும் கழுவிக்கொண்டிருந்தது.

சுமுக்,
உன் நாற்பதை முப்பத்தெட்டாக்க வேண்டுமாம்.
நாளைக்குத் தொடங்குகிறோம்.
இரண்டு வாரமும்
ஆறு பேரும்
ஒதுக்கியிருக்கிறார்கள்.