எடைமேடையில் ஒரு வினைச்சொல்

வாளையார் தாண்டும் முன் கடைசி எடைமேடை எங்களுடையது.
எனக்கு இரவு பத்திலிருந்து ஆறு.
சிமென்ட், கோழித்தீவனம், வாழைத்தார்.
ஏற்றிய வண்டியிலிருந்து வெறும் வண்டியைக் கழி,
மிஞ்சுவதற்கு ரசீது.

அதே கணக்கில்தான் ஸ்பானிஷ் படிக்கிறேன்.
எஸ்பெரார். கடைசி ஆரைக் கழற்று.
ஓ ஏற்றினால் நான், ஆஸ் ஏற்றினால் நீ:
எஸ்பேரோ, எஸ்பேராஸ்.
நம் ஏன், ஆய், ஆன், ஆள் மாதிரியேதான்,
வினைக்கு வால் இருந்தால்
ஆளைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

"ஞங்ஙளுக்கு அந்த வாலே இல்ல" என்கிறாள்
கஞ்சிக்கோட்டிலிருந்து ஸ்கூட்டரில் வரும் உண்ணிமாயா.
ஞான் காத்திருந்நு, நீ காத்திருந்நு, அவள் காத்திருந்நு.
செக்போஸ்ட்டில் பிடுங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள்போல.

அவன் போனது வால்பரைசோ.
வால்பாறைக்குப் போனவன் ஞாயிறாவது வரக்கூடாதா என்று
வீட்டுக்கார அம்மாள் இன்னும் கேட்கிறாள்.
துறைமுகத்தில் கிரேன் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம்,
மூன்றாவது வருடம் நடக்கிறது.

ஆடியில் ஒரு ராத்திரி போனை எடுத்தது அவனில்லை.
ஒரு பெண், ஒரே சொல்: எஸ்பேரா.
பிறகு ரேடியோ, தட்டு கழுவும் சத்தம், ஒரு நாய்,
பிறகு ஒன்றுமில்லை.

அட்டவணையில் அந்தச் சொல்
இரண்டு கட்டங்களில் உட்கார்ந்திருக்கிறது.
ஏவலில்: காத்திரு.
நிகழ்காலத்தில்: அவள் காத்திருக்கிறாள்.
நம்பியிருப்பதற்கும் இதே சொல்தான் என்று
அடியில் பொடி எழுத்து.
என்னைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா?

வெளியே ஹாரன். "இருங்கண்ணா" என்கிறேன்.
இதுவும் ஏவல்தான்.

எதிர்காலத்துக்கு எதையும் கழற்ற வேண்டாம்,
முழுச்சொல்லின் மேலேயே ஒட்டிக்கொள்ளும்: எஸ்பெராரே,
தார்ப்பாய் அவிழ்க்காமல் போகிற வண்டி.
அந்தப் பக்கத்தை மடித்துவிட்டேன்.

நின்றது இங்கே, முடியாத இறந்தகாலத்தில்.
எஸ்பெராபா:
காத்துக்கொண்டிருந்தேன்.
அடுத்த கட்டம் நீ. அதற்கடுத்தது,
எஸ்பெராபா:
காத்துக்கொண்டிருந்தாள்.
அச்சுப்பிழை என்று நினைத்தேன்.
வேறு வினைகளையும் போட்டுப் பார்த்தேன்.
எல்லாவற்றிலும்
எனக்கும் அவளுக்கும் ஒரே வால்.

உண்ணிமாயாவிடம் காட்டவில்லை. சிரிப்பாள்.

மேடைமேல் வண்டி ஏறிவிட்டது.
நாற்பத்தொன்று இருநூறு, நாற்பத்தொன்று நூற்றெண்பது,
மறுபடி இருநூறு.
டிரைவர் இறங்கி நகரும்வரை
எண் நிற்காது.