கண் திறந்த புதன்கிழமை

கருமத்தம்பட்டி மேட்டிலிருந்து தண்ணித் தொட்டி
தன் மட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது,
தறிக்குக் கரண்டு போகும் அதே கம்பியில்,
நொடிக்கு நாற்பதாயிரம் துடிப்பாக.
சோமனூரில், குடோனுக்கு மேல்மாடியில்
ஏற்பியை வைத்துக்கொண்டு நான் கேட்கிறேன்.

துடிப்புகள் எங்கள் ஊர் ஒரம்பரை மாதிரி.
"போய்ட்டு வாரனுங்" என்று எழுந்து
வாசலில் அரைமணி நேரம்,
வண்டியை முடுக்கிய பிறகும் ஒரு பேச்சு.
அதற்குள் அடுத்தவர் வந்து நின்றாயிற்று.
அவர் சொல்வது இவர் குரலில் கேட்கிறது.
விரட்டலாம்தான். விரட்ட
வாசல் இரண்டு பங்கு அகலமாக வேண்டும்,
அத்தனை அலைவரிசை யார் தருவார்?
வடிகட்டிக்குத் தெரிந்த மரியாதை வேறு:
வால் நீளட்டும், எத்தனை தூரமும் ஆடட்டும்,
அடுத்தவர் வாய் திறக்கும் அந்தக் கணத்தில் மட்டும்
சுழியாக இரு.

பதினைந்து எண்கள். அவற்றை நகர்த்துவதுதான் என் வேலை.
ஒன்றைக் கூட்டினால் எதிரொலி ஒடுங்குகிறது,
அடியில் கிடந்த இரைச்சல் தலைதூக்குகிறது.
கீழே முப்பத்தாறு தறி.
அலைகாட்டியில் கோட்டின் மேல் கோடு விழுந்து
நடுவே கண் மாதிரி ஓர் இடைவெளி வர வேண்டும்.
பஞ்சு விழுந்த கண், ஏழு வாரமாக
மூடியே கிடந்தது.

புதன்கிழமை காலை திறந்தது.
மையிட்டது போல் ஓரமெல்லாம் கூர்மை.
திருமூர்த்திக்குப் போன் போட்டு
"எட்டாவது எண்தான் குளறுபடி, பிடிச்சுட்டேன்" என்றேன்.
வைத்த பிறகுதான் கேட்டது,
தகரத்தில் காக்கை நடக்கும் சத்தம்.

கூலி உயர்வு கேட்டுத் தறி நிறுத்தம், இன்று முதல்.
படியில் ரங்காத்தாள், மடியில் திறக்காத தூக்குப்போசி.
"மேல மிசினு ஓடுதாக்கும்?" என்றாள்.
ஓடுதுங்க்கா என்று சொல்ல எனக்கு நா வரவில்லை.

பதினெட்டு நாள் ஒரு பிழையும் இல்லை.
குறிப்பேட்டில் பதினெட்டையும் அடித்தேன்.

தறி ஓடத் தொடங்கிய அன்றே கண் சுருங்கியது.
மறுபடி முதல் எண்ணிலிருந்து.
இந்த முறை எதிரொலியை முழுக்கக் கொல்லவில்லை,
கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்,
இரைச்சலும் கொஞ்சம்.
ஐப்பசிக் கடைசியில், முப்பத்தாறும் ஓட,
ஊசிக்காது அளவு திறந்தது.

இரண்டே காலடி, என்றது தொட்டி.

வண்டியை எடுத்துப் போய்
ஏணியில் ஏறிக் குச்சி விட்டுப் பார்த்தேன்.
இரண்டே காலடி.