பொருந்தவில்லை

காசோலை திரும்பி வந்துவிட்டது.
கூடவே ஒரு துண்டுச் சீட்டு:
கையொப்பம் பொருந்தவில்லை.

ப. வஞ்சிக்கொடி, செயலாளர்.
இத்தனை வளைவுள்ள பெயரை வைத்தவர் அப்பா.
கரூருக்குப் பழம்பெயர் வஞ்சி என்று
எங்கோ கேட்ட பெருமை அவருக்கு.
என் வலக்கை தன் போக்கில்தான் போகும் என்று
தொட்டிலைப் பார்த்து எப்படித் தெரியும்.

மேலாளர் நல்லவர்தான்.
காபி வரவழைத்தார், உறிஞ்சுகுழல் இல்லாமல்.
"தம்பி இருக்கறாருங்களே,
அவர் பேரையும் சேத்துட்டா சோலி முடிஞ்சுதுங்."
வெள்ளைத்தாளில் பதின்மூன்று முறை போட்டுக் காட்டினேன்.
பதின்மூன்றும் நான்.
பதின்மூன்றும் வேறு.
"கைநாட்டு வேணா..." என்று இழுத்தார்.
எம்.ஏ. படித்த கட்டைவிரலை
மடிக்குள் மடக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோவையில் ஆட்டம்.
வேன்காரருக்கு முன்பணம் தரவேண்டும்,
ஒளி அமைப்பவருக்குப் போன ஆட்டத்தின் பாக்கி.
திரைச்சீலை ஏற்றுமதி முதலாளி ஒருவர்
மொத்தச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார்,
தொடக்கத்தில் ஐந்து நிமிடம்
ஒரு தாய் அழும் படம் போட்டால்.
எங்கம்மா அழுது பத்து வருசமாச்சுங்க என்றேன்.
பணம் பாதியாகிவிட்டது.
திரைச்சீலை மட்டும் முழுசாகத் தந்தார்.

ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைகளில்,
வெங்கமேட்டில், பஸ் கூடு கட்டும் பட்டறையில்.
வெல்டிங் ஓய்வது அந்த ஒரு நாள்தான்.
இருக்கை பூட்டாத, கண்ணாடி மாட்டாத பஸ்ஸுக்குள்
தகரத் தரையில் திடுமத்தைச் சாய்த்து வைத்து
நஜ்முதீன் அடித்தால்
காது கேளாத நால்வருக்கும்
குதிகால் வழியாக ஏறும் தாளம்.
நஜ்முதீனுக்குக் கண் தெரியாது.
எந்தக் கால் பிந்துகிறது என்று
அதே தகரம் அவருக்குச் சொல்லிவிடும்.

இந்த பஸ் தயாராகிச் சாலைக்குப் போகும்போது
எங்களில் பாதிப்பேர் இதில் ஏற முடியாது.
மூன்று படி வைத்துவிடுவார்கள்.
இப்போதைக்குப் பலகை சாய்த்து ஏறுகிறோம்.

நடுவில் வரும் தனியாட்டம் பூபதியுடையது.
இரண்டு ஊன்றுகோலிலும் உடம்பைத் தூக்கிச் சுழல்வான்.
பள்ளி விழா, கல்யாண மண்டபம், நோம்பி மேடை,
எங்கே ஆடினாலும் எழுந்து நின்று தட்டுவார்கள்.
அவன் மேடை ஏறும்போதே தட்டி முடித்துவிடுவார்கள்.
தாளம் தப்பியதை
இருபத்தாறு வயதுவரை
ஒருவரும் அவனிடம் சொன்னதில்லை.

நான் சொன்னேன்.
"மூணாவது சுத்துல பிந்துற, பூபதி.
வெள்ளிக்கிழமை தாமரை ஆடட்டும்."

"அப்ப நான் பொருந்தலைங்களாக்கா?"

வியாழனிலிருந்து அந்தச் சொல்
என் கைப்பையில் மடித்துக் கிடக்கிறது.
"இந்த ஆட்டத்துக்கு இல்லை" என்றேன்.

பலகையில் அவன் கோல் இறங்கும் சத்தம்.
நஜ்முதீன் திடுமத்தின் மேல் உள்ளங்கையை வைத்து
அதை அமர்த்தினார்.

பொருளாளர் சிவநேசன் பேசுவது விரல்களால்.
கேட்டார்: நீயும் வங்கிக்காரரும் ஒன்றா?
என் விரல்களுக்கு அவர் மொழியிலும் திக்கல் உண்டு.
முடிக்கும்வரை காத்திருந்தார்.
அவர் என்னைத் தம்பியிடம் அனுப்பினார்,
நான் இவனைப் பயிற்சிக்கு அனுப்புகிறேன்.
சொல்லிவிட்டேன்.
சரியான பதில்தானா என்று
அன்றிரவு முழுக்கப் புரண்டுகொண்டிருந்தேன்.
இவரோ தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை,
கணக்கு நோட்டைத் திறந்து
தாமரைக்குச் சலங்கை வார் என்று ஒரு வரி எழுதினார்.

திங்கள் வரவில்லை. செவ்வாய் போனை எடுக்கவில்லை.

புதன்கிழமை இரவு பத்து மணிக்கு
பட்டறைக் காவலர் அழைத்தார்.
"அம்மிணி, உங்க ஆளு ஒருத்தரு
பஸ்ஸுக்குள்ள தனியா கோலைத் தட்டிட்டே இருக்கறாருங்.
வெளிய போகச் சொல்லட்டுங்களா?"

அவர் குரலுக்குப் பின்னால் தகரம் கேட்டது.
ஒன்று.
இரண்டு.
மூன்றாவது சுற்று
இன்னும் பிந்துகிறது.

"வேண்டாங்க," என்றேன்.
"லைட்டை மட்டும் போட்டு உடுங்க."