பதினொரு ஹா

முப்பத்தேழாவது இதழின் கடைசிக் கட்டத்தில்
கலங்கரை விளக்கத்திலிருந்து விழுந்தான் ஈயமுகன்.
அலைமேல் ஒரு கையுறை மட்டும் மிதந்தது.
அதோடு காமிக்ஸும் நின்றுபோனது.
கடன் என்றார்கள், அச்சகத்தில் தீ என்றார்கள்.
பத்தொன்பது வருடம் அவன் தண்ணீருக்குள்ளேயே இருந்தான்.

போன ஆவணியில்,
ஐஸ் ஃபேக்டரிக் கணக்கு முடித்த இரவுகளில்
நான் அவனைக் கரையேற்றினேன்.
இருநூறு பக்க நோட்டு, நீல மை.
கடலூர் முதுநகரில், உப்பனாற்றுப் பாலத்தடியில்,
ஒரு விசைப்படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து
"நான் திரும்பி வந்துவிட்டேன்" என்று சொல்லிச்
சிரிக்கிறான்.
கைதட்டுவார்கள் என்று நினைத்துத்தான்
அந்தப் பக்கத்தில் பாதியை வெறுமையாக விட்டிருந்தேன்.

நோட்டு ஊர் சுற்றப் போனது.

ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் இருசப்பன்
டீக்கறைக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்:
"ஹா மொத்தம் பதினொண்ணு. எண்ணிட்டேன்.
முப்பத்தேழு இதழ்லயும் அவன் ஒரு தடவைகூட சிரிச்சதில்ல.
இவன் வேற எவனோ."

மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடை தில்ஷாத்
கையுறைக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.
"மிதந்தது இடது கை. நீ வலது கையை வெறுங்கையாக்கிட்டே.
இதைக்கூட பார்க்காம எதுக்கு எழுதற?"
கூடவே அந்தக் கடைசிக் கட்டத்தின் நகல்,
ஒன்றரை மடங்கு பெரிதாக, காசு வாங்காமல்.

சிப்காட்டில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் சவரிராஜ்
"இந்த ஆத்துல எழுந்தவன் முதல்ல மூக்கைப் பொத்துவான்"
என்று எழுதி, அப்படியே தூங்கிவிட்டான் போல.
பேனா ஒரு கோடாக இழுத்துக்கொண்டு
தாளின் விளிம்புவரை போயிருந்தது.

ஒருவர் பெயர் போடவில்லை. சாய்ந்த எழுத்து.
"செத்தவன் செத்தவனாவே இருக்கட்டும்.
அவன் முடிஞ்சுபோனதுதான் எனக்குப் பிடிச்சது."

இரண்டு நாள் அந்த ஆளைத் தேடினேன்.
ஐஸ் ரசீதில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரிடமும்
சாய்வு பார்த்தேன்.

கடைசியாக வந்தது அஞ்சலாட்சியின் குறிப்பு.
ஏலக்கூடத்தில் இறால் எடை போடுகிறவள்.
காமிக்ஸ் படிப்பாள் என்பதே எனக்குத் தெரியாது.
எடைச்சீட்டின் பின்பக்கம்,
இறால் மீசை ஒன்று காய்ந்து ஒட்டியிருந்த தாளில்:

"எங்க வீட்டுக்காரர் ஏழு வருசம் கழிச்சு வந்தார்.
எங்க போனார்னு கேக்காத, நானும் கேக்கல.
திரும்பி வர்றவங்க வந்துட்டேன்னு சொல்ல மாட்டாங்க.
செருப்பை எங்க விடறதுன்னு பார்ப்பாங்க.
பழைய இடத்துல வேற செருப்பு கிடக்கும்.
கையில எடுத்துக்கிட்டு நிப்பாங்க.
உன் ஆளு கெட்டவன், இருக்கட்டும்.
பூட்ஸை எங்க கழட்டினான்?
அதை எழுதல நீ."

பதினொரு ஹாவையும் அடித்தேன்.
இடது கையை வெறுங்கையாக்கினேன்.
மூக்கைப் பொத்தவைத்தேன்.
"நான் திரும்பி வந்துவிட்டேன்" மட்டும்
ஒரு வாரம் அடிக்கப்படாமல் கிடந்தது,
மொத்த நோட்டிலும் எனக்குப் பிடித்த வரி.
அதையும் அடித்தேன்.

இப்போது அவன் பாலத்தடியிலிருந்து ஏறி
ஐஸ் ஃபேக்டரி வாசல்வரை வந்திருக்கிறான்.
உலகை அழிக்கும் திட்டம்
சட்டைப்பைக்குள் ஊறிக் கூழாகிவிட்டது.
இரண்டு பூட்ஸும் கையில். தண்ணீர் சொட்டுகிறது.
உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு
எவனோ ஒரு கணக்குப்பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறான்.
வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.
என்னுடையது.

கீழே "தொடரும்" என்று போட்டு
நோட்டை மறுபடி அனுப்பினேன்.
நேற்று வந்தது.
புதிதாக ஒரே ஒரு குறிப்பு, சாய்ந்த எழுத்தில்:

"உன் செருப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடேன்."