பிரிம்லி தெரு, காலி வீடு ஒன்று

மழைக்கு நூலகத்தில் ஒதுங்கியபோது
யாரோ அச்செடுத்து மறந்துபோன தாளில்
என் தெரு கிடந்தது.
என் தெரு என்றால் குடியிருக்கும் தெரு அல்ல,
பத்தொன்பது வருடமாய்த் தபால் போடும் தெரு.
பிரிம்லி தெரு. வீடுகள் நாற்பத்தொன்று.
தலைகள் தொண்ணூற்றாறு.

கார் இல்லாத வீடு பதினெட்டு என்கிறது தாள்.
இருக்கும்.
ஆனால் முப்பத்து மூன்றாம் எண் வாசலில்
செங்கல்மேல் நிற்கும் நீல வேனை
எந்தக் கட்டத்தில் போட்டார்கள்?
அடுத்த கோடையில் ஓடும் என்பான் க்ளைவ்.
அவன் அப்படிச் சொல்லத் தொடங்கி
ஒன்பது கோடை போய்விட்டது.

வீட்டில் லிதுவேனிய மொழி பேசுவோர் நால்வர்.
இப்போது ஐவர்.
ஐந்தாவது ஆளுக்குப் பல் முளைக்கவில்லை,
என் சிவப்புப் பையைக் கண்டதும்
அந்த மொழியில்தான் கத்துகிறாள்.

நடந்தே வேலைக்குப் போவோர் பதினொருவர்.
மீன் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
எதிரே வருவார்கள்,
பேச்சில்லை, ஒரு தலையசைப்பு,
கடந்து போனபின்னும் சற்று நேரம் ஐஸ் மணக்கும்.

மதம் இல்லை என்று குறித்தோர் ஐம்பத்திரண்டு.
எட்டாம் எண் ஹெஸ்டர் அதில் ஒருத்தி.
நாய்க்குக் கட்டி என்று டாக்டர் சொன்ன வாரம்
மூன்று தேவாலயங்களில் மெழுகுவத்தி ஏற்றினாள்,
நான்காவது பூட்டியிருந்ததாம்.

காலி வீடு, ஒன்று.

அது பதினேழு.
வில்ஃப் நெட்டில்டன் இறந்தபின் பூட்டியது.
திரைச்சீலை மஞ்சளடித்து ஒரு பக்கம் தொங்கும்.
'குடியிருப்பவருக்கு' என்ற உறைகள் மட்டும் வரும்.
பெயரில்லாததையும் போட்டாக வேண்டும், அது வேலை.

கணக்கெடுப்பு நடந்த அந்த மார்ச்சில்
ஊதா உறை ஒன்றைத் தபால் துளையில் திணித்தேன்.
தூரிகை மயிரில் சிக்கிப் பாதி போனது.
மீதியை
உள்ளிருந்து யாரோ வாங்கிக்கொண்டார்கள்.
பிடுங்கவில்லை.
வாங்கிக்கொண்டார்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம் அடக்கிய மூச்சு,
தகர டப்பாவில் சூடாகும் தக்காளி சூப் வாசம்.
மணி அடிக்க விரல் போய்த் திரும்பியது.

பிறகு வந்தான் கணக்கெடுக்கும் பையன்,
கழுத்தில் அட்டை, ஊறிப்போன ஷூ.
பதினேழில் யாராவது இருக்கிறார்களா?
நான் தபால் போடுகிறவள், தம்பி,
ஆள் பார்க்கிறவள் இல்லை.
முழுப் பொய்யில்லை அது,
நான் பார்க்கவில்லைதானே.
கையிலிருந்த டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டினான்.
அந்தத் தட்டுத்தான்
இத்தனை வருடம் கழித்து இந்த ஒன்று.

தாளின் அடியில் பொடி எழுத்து:
தனி ஆள் எவரும் அடையாளம் காணப்படாதபடி
சிறிய எண்கள் சற்றே மாற்றப்பட்டிருக்கலாம்.

மூன்று தடவை படித்தேன்.
அப்படியென்றால் இந்த ஒன்று
சைபராகவும் இருக்கலாம்.
நாட்டுக்கே கணக்கெழுதும் ஆபீஸில்
டீ ஆறிக்கொண்டிருக்க ஒருத்தி
விஷயம் தெரிந்தே
விரல் நுனியால் ஓர் எண்ணை
நகர்த்தி வைத்திருக்கலாம்.
அல்லது அது வெறும் இயந்திரம்.
எனக்கென்னவோ அவளுக்கு
டீ கொடுத்துப் பார்க்கத்தான் தோன்றுகிறது.

மழை தூறலாகிவிட்டது.
பதினேழுக்கு இன்று இரண்டு.
ஒன்று ஜன்னல் மாற்றித் தரும் கம்பெனி.
இன்னொன்று கையால் எழுதியது,
ஸ்டாம்ப் கோணலாய் ஒட்டியது,
முதல் தடவையாக ஒரு பெயருக்கு.

பெயரைக் கேட்காதீர்கள்.
தாளை மடித்து
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.