பதிவேட்டின் பின்பக்கம்

முன்பக்கம் மாடுகள்.
காது வில்லை எண், சினை ஊசி போட்ட தேதி,
மூன்று மாதம் கழித்துக் கைவிட்டுப் பார்த்ததில் என்ன.
தலைகீழாய்த் திருப்பினால்
வண்டி.

முன்பக்கத்தில் சீல் குத்துவார்கள்.
பின்பக்கத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

'ஆயில் மாற்றியது. வடிந்தது முக்கால் லிட்டர்.
ஊற்றியது ஒன்று.'
மிச்சக் கால் லிட்டர் எங்கே போனதென்று எழுதவில்லை.
கூக்கால் ஏற்றத்தில் போயிருக்கும்,
முதல் கியரில், பின்சீட்டில் நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு,
அதற்குள் பனிக்கும் கீழான குளிரில்
இன்னும் பிறக்காத கன்றுகள் குலுங்க.

'டாப்பெட். இன்லெட் எட்டு, எக்ஸாஸ்ட் பன்னிரண்டு.
எஞ்சின் ஆறியபின் அளக்கவும்.'
மன்னவனூரில் எது ஆறாமல் இருக்கிறது?
காலை ஆறு மணிக்குக்
கிக்கரை மிதிப்பவளின் முழங்கால் தவிர.

ஓர் ஐப்பசியில் ஓடை நடுவே நின்றுவிட்டது.
டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
டீக்கடை டீயின் நிறம்.
என் தொழிலில் பால் நல்ல சேதி.
இங்கே இல்லை.
மூன்று முறை ஊற்றி மூன்று முறை வடித்தோம்
நானும் சூசைராஜும்,
கவுஞ்சியில் அவன் தகரக் கொட்டகையில்,
பூண்டு மூட்டைகளுக்கு நடுவே.

தூக்கக் கலக்கத்தில் ஒருநாள்
வண்டிப் பக்கத்தில் 'சினை உறுதி' என்று எழுதியிருக்கிறேன்.
அதைப் படித்தவன்
பெட்ரோல் டேங்கைத் தடவித் தடவிப் பத்து நாள் சிரித்தான்.

பிறகு அந்தச் சத்தம்.
இறக்கத்தில், ஆக்சிலேட்டரை விடும்போது மட்டும்,
கிண்ணத்துக்குள் ஒற்றைக் காசு.
'கேம் செயினா?' 'இல்லீங்க.'
'பிஸ்டன் பின்?' 'இல்லீங்க.'
'அப்போ பிரி.'
'ஓடுற எஞ்சினப் பிரிக்கக் கூடாது டாக்டரம்மா.'
நான் டாக்டர் இல்லை, ஆய்வாளர்.
பதினோரு வருடமாய் அவனைத் திருத்துகிறேன்.

பிரித்தான்.
என் பிடிவாதத்துக்காக,
ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்க்காகவும்தான்.

சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேராய்ப் பிடித்தான்,
உள்ளே பார் என்றான்.
தொழிற்சாலையில் இழுத்த குறுக்குக் கோடுகள்
மெலிந்து, ஆனால் அழியாமல்.
கோடை முழுக்கச் செம்மண் தின்ற வண்டி.
இருந்தும் ஒரு பொடி உள்ளே போகவில்லை.
அங்கே எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன!
மண்ணெண்ணெய் வாளி, ஃபில்டரின் பஞ்சு,
பிழியும்போது வெடிக்கும் என் விரல்கள்,
தேவாலய மணிக்குப் போகாத குற்றமும் சேர்த்து.

சூசைராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
கையைத் துடைத்துக்கொண்டு
இன்னொரு முறை பார்த்தான்.

மூடி முறுக்கிக்
கீழ்ப்பூமியை நோக்கி முதல் இறக்கம்.
ஆக்சிலேட்டரை விட்டேன்.
கிண்ணத்துக்குள் அதே காசு.

எஞ்சினுக்கு அடியில் கல் தடுக்கும் தகட்டில்
நான்கு போல்ட்டில் மூன்றுதான் இருந்தது.
நான்காவது எட்டு ரூபாய்.
அதற்கு அவன் பணம் வாங்கவில்லை,
அதுதான் அதிகம் வலித்தது.

இப்போது சத்தம் இல்லை.
ஆனால் பிரித்த இடம் பிரித்த இடம்தான்.
புது கேஸ்கெட் ஓரமாய்க் கசிகிறது.
'ஓட ஓடச் சரியாயிரும்' என்கிறான்
என் முகத்தைப் பார்க்காமல்.
சினைப்பிடிக்காத மாட்டுக்காரர்களிடம்
நானும் இப்படித்தான் சொல்வேன்,
அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்று,
கேனின் மூடியைப் பார்த்தபடி.

வண்டிக்கு அடியில் இரவில் ஓர் அட்டை போடுகிறேன்,
தீவன மூட்டைக்குள் வந்த அட்டை.
நேற்று இரண்டு சொட்டு.
இன்று இரண்டும்,
மூன்றாவதாய் ஒன்று தகட்டின் விளிம்பில்
விழலாமா என்று தொங்கிக்கொண்டும்.

எழுத வேண்டும்.
இரண்டு என்றா, மூன்று என்றா?
கிழவரையிலிருந்து போன் அடிக்கிறது,
கன்று குறுக்கே கிடக்கிறதாம்.
சோக்கை இழுத்தேன்.
இரண்டாவது மிதியில் பிடித்தது.