முப்பத்தெட்டாவது பிரிப்பு

கொடுத்தவர் பெயர் எங்களுக்குத் தெரியாது.
ஆண், அறுபத்தொன்பது, இடது முழங்கைத் தோல்.
இவ்வளவுதான் லேபிளில்.
உறைய வைத்துப் பதினைந்து வருஷம்;
ஆள் இருக்கிறாரா என்று யாரும் எழுதவில்லை.

முப்பத்தேழு முறை பிரித்து வளர்த்தேன்.
முப்பத்தெட்டில் நின்றுவிட்டன செல்கள்.
சாகவில்லை, பிரியவுமில்லை,
பொரித்த அப்பளம்போல் பரந்து கிடந்து
பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கின்றன.
காரைக்குடியில் இதைப் புரியவைப்பது சுலபம்:
அறுபத்துநாலு பங்காளி, ஒரு வீடு,
விற்கவும் ஆகாது இடிக்கவும் ஆகாது,
பூட்டின அறையிலிருந்து கரையான் மட்டும்
அடுத்த வீட்டுக்குப் போய்வரும்.

பெப்டைடு ஐதராபாத்திலிருந்து உலர்பனியில் வந்தது.
பதினாலு அமினோ அமிலம், சொன்ன வரிசையில் கோத்தது.
கழனிவாசலில் ஊர்வலமாம்,
கூரியர்காரர் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார்.
பெட்டியைத் திறந்தால் பனிப்புகை கொஞ்சம்தான் மிச்சம்.
குறிப்பேட்டில் அதையும் எழுதினேன்.

வயிரவன் வந்தது மறுநாள்.
பினாங்கு வட்டிக் கணக்கு முடித்துத் திரும்பியவர்,
தை மாசம் எழுபதாம் வயசுச் சாந்தி.
இயக்குநருக்குத் தூரத்துச் சொந்தம்.
"எலிக்குப் போடுறதை எனக்குப் போட்டா என்னம்மா?"
எலிக்கே இன்னும் போடலைங்க, என்றேன்.
அவர் பையிலிருந்து மூன்று குப்பி எடுத்து மேசையில் வைத்தார்,
எங்கோ ஆர்டர் போட்டு வாங்கியது,
தோசை மாவுக்குப் பக்கத்தில் குளிரில் இருக்கிறதாம்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்:
"ஆய்வுக்கு மட்டும். மனிதருக்கு அல்ல."
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு,
"நான் இதுல எந்த வகை?"

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.
போட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், இரண்டு தடவை.
மணகோலம் ஒரு டப்பா விட்டுப் போனார்.
ஆய்வகத்துக்குள் தின்பண்டம் கூடாது,
வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் நின்று தின்றேன்.

சாயம் போட்டால் ஓய்ந்த செல் நீலமாகும்.
ராத்திரி பத்தரை, நுண்ணோக்கி, கையில் எண்ணும் கருவி.
மருந்தில்லாத தட்டு: முந்நூறில் அறுபத்தொன்று.
மருந்திட்ட தட்டு: ஐம்பத்திரண்டு.
நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது.
மறுபடி எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு. ஐம்பத்தேழு.

இதற்கு நடுவே கைப்பேசியில் அறிவிப்பு,
நான் ஆறு மாதமாகக் காத்திருந்த பணியிடம்.
ஜூலை முதல் தேதியில்
முப்பத்தைந்து முடியாதவர்கள் விண்ணப்பிக்கலாம்.
எனக்கு அன்றைக்கு முடிந்து மூன்று நாள் ஆகியிருக்கும்.
ஆயுளை நீட்டும் பிரிவில் வேலை, கேட்டுக்கோ சிகப்பி,
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
குரல் இன்குபேட்டர் இரைச்சலில் போய்விட்டது.

சாயமிட்ட தட்டுகள் செத்தவை.
மிச்சக் குப்பி ஒன்று உயிரோடு இருந்தது,
பிரியாத கூட்டம்.
அதன் ஊடகம் மஞ்சளாகியிருந்தது.
உறிஞ்சி எடுத்துப் புதுசு ஊற்றினேன், இளஞ்சிவப்பு.
வேலை செய்யாததும் சாப்பிடுகிறது.

மூன்றாம் முறை எண்ணப்போனபோது
மூலையில் ஒரு செல், பாதி நீலம்.
எந்தப் பக்கம் எழுதுவது?
கேள்விக்குறி ஒன்று போட்டு
கீழே தேதியும் நேரமும் எழுதினேன்.